அத்தையின் பச்சைப் புத்தகம் என்ன விலை போகும்?

"பத்திரமா வச்சுக்குங்க, அது விலைமதிப்புள்ள புத்தகம்" என்று அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என்ன விலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவர் காலமான பிறகு பீரோவைத் திறந்து சாமான்களைப் பிரித்துக்கொண்டபோது மற்றதெல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. கடைசியில் மேஜைமேல் மிஞ்சியது அந்தப் பச்சைப் புத்தகம்தான்.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. நான், என் தங்கை, பெரியப்பா மகன் அண்ணன் என்று மூன்று பேரும் அவர் மடியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். மூன்று பேருக்கும் அது வேண்டும். விலைமதிப்புள்ளது என்று அவரே சொல்லிவிட்டதால் "நீயே வச்சுக்க" என்று பெருந்தன்மை காட்டவும் யாருக்கும் மனசு வரவில்லை. "முதல்ல விலை என்னன்னு பாப்போம், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அண்ணன். "அக்காதானே எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கா, அவளே பாக்கட்டும்" என்றாள் தங்கை. படிக்கத் தெரிந்தவளுக்குப் புத்தகத்தின் விலையும் தெரியும் என்று அவள் நினைத்தாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் எழுதிய விலங்குக் கதைகள். பச்சைக் காலிகோ அட்டை, முதுகில் பொன்னிற எழுத்து. உள்ளே தனித்தாளில் அச்சிட்டு இடையிடையே ஒட்டிய வண்ணப் படங்கள், ஒவ்வொன்றின் மேலும் பட்டர் பேப்பர் மாதிரி ஒரு மெல்லிய தாள். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் இதைப் பாதியில் விட்டுவிட்டு அதன் விலையைத் தேடப் போய்விடுவீர்கள். நான் செய்த முதல் தப்பும் அதுதான்.

அன்று ராத்திரியே பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்த விலை, ஒரு புது பைக் வாங்கும் அளவுக்கு இருந்தது. புகைப்படத்திலும் அதே பச்சை அட்டை, அதே பொன்னிற எழுத்து. மணி பதினொன்று என்றுகூடப் பார்க்காமல் அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். இவ்வளவு விலையுள்ள பொருளை அழுக்காக வைத்திருக்கலாமா என்று சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஓரங்களில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்ததை அழிரப்பரால் தேய்த்தேன். கிறுக்கல் போனது, அதோடு தாளின் மினுமினுப்பும் போனது. முதுகுத் துணி மேல்நுனியில் கிழிந்திருந்த இடத்தில் செலோடேப் ஒட்டினேன். நேர்த்தியாக ஒட்டியதாகப் பெருமை வேறு. செலோடேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள்ளும் துணிக்குள்ளும் இறங்கிவிடும், டேப் உதிர்ந்தாலும் கறை போகாது, உரிக்கப் போனால் மேல்தாளும் கூடவே வரும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பழைய புத்தகத்தைப் பார்த்துத் தூசி தட்ட வேண்டும் என்று தோன்றினால் மென்மையான, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரத்துணி, ரப்பர், பசை, டேப் எதுவும் வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடியே இருந்தால் குறையும் விலையைவிட, நாம் ஒட்டுப்போட்டால் குறையும் விலை அதிகம்.

பைக் விலைக்கு வருவோம். ஒரு வாரம் கழித்து அதே விளம்பரம் அங்கேயே இருந்தது. ஒரு மாதம் கழித்தும் இருந்தது. ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. இன்னொருவர் காசை எடுத்து வைத்தால்தான் அது விலை. தேடலில் முதலில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் விற்காமல் கிடப்பவைதான். நியாயமான விலைக்கு வந்த பிரதிகள் எப்போதோ விற்றுப் பட்டியலிலிருந்து மறைந்திருக்கும். மிச்சமிருக்கும் ஆசைகளை வைத்து நாம் கணக்குப் போடுகிறோம்.

ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்ல ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டதும் என் பைக் ஸ்கூட்டராகி, ஸ்கூட்டர் சைக்கிளானது. பெரிய ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களின் முடிவுகளை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. அங்கே புகைப்படத்தோடும் குறைகளின் விவரத்தோடும் பார்க்கலாம். பழைய புத்தகம் விற்கும் ஏப்புக்ஸ் போன்ற தளங்களில் இருப்பது கேட்கும் விலை. அதுவும் வீணில்லை. உலகத்தில் இப்போது எத்தனை பிரதிகள் விற்பனைக்கு இருக்கின்றன என்று அது சொல்லும். நாற்பது பிரதிகள் கிடந்தால் உங்களுடையது நாற்பத்தொன்றாவது. ஏலத் தொகையைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறிவிக்கப்படும் தொகையில் பல சமயம் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும். விற்பவர் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறைவு.

ஆனால் விற்ற விலைகளும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அதே பெயர், அதே பச்சை அட்டை, ஒன்று இன்னொன்றைப்போல் முப்பது மடங்கு. அப்போதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று உறைத்தது. என்ன விலை என்பதற்கு முன்னால், என் கையில் இருப்பது எது? எந்தப் பதிப்பு, எத்தனையாவது அச்சு?

தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இல்லை. திருப்பினால் பின்புறம் பதிப்புரிமை ஆண்டு 1908. விற்பனைப் பட்டியல்களில் முதற்பதிப்பின் ஆண்டும் 1908. ஆகா, முதற்பதிப்பு என்று குதித்தேன். பதிப்புரிமை ஆண்டு என்பது கதைக்கு உரிமை பதிவான ஆண்டு. அந்தப் புத்தகத்தை ஐம்பது வருடம் கழித்து அச்சிட்டாலும் 1908 அப்படியே நிற்கும். அச்சிட்ட ஆண்டை வேறு எங்காவதுதான் தேட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிப் புத்தகமாக இருந்தால் வேலை சுலபம். பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு எண்வரிசை இருக்கும். அதில் மிகச் சிறிய எண் எதுவோ அத்தனையாவது அச்சு. 1 இருந்தால் முதல் அச்சு, 10-லிருந்து 4 வரைதான் இருந்தால் நான்காவது. இதை ஏன் இப்படிச் சுற்றிவளைத்துச் செய்கிறார்கள் என்றால், அச்சுத் தகட்டில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட இருப்பதைச் சுரண்டி எடுப்பது எளிது. ஒவ்வொரு மறு அச்சுக்கும் ஒரு எண்ணைச் சுரண்டிவிட்டால் போதும். சில பதிப்பகங்கள் ஒற்றை எண்களை இடப்பக்கமும் இரட்டை எண்களை வலப்பக்கமும் போடும், குழம்பாமல் சின்னதைத் தேட வேண்டியதுதான். இதிலும் விதிவிலக்கு உண்டு. ரேண்டம் ஹவுஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் பல ஆண்டுகள் முதல் அச்சில் 'முதற்பதிப்பு' என்ற வார்த்தையைப் போட்டு எண்வரிசையை 2-லிருந்து தொடங்கியது. மறு அச்சில் அந்த வார்த்தையை எடுத்துவிடும். இது தெரியாமல் 1 இல்லையே என்று பழைய பேப்பரோடு போட்டால் போட்டதுதான்.

'முதற்பதிப்பு' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது முதற்பதிப்பின் முதல் அச்சை. பதிப்பகம் அதே பதிப்பை ஏழாவது முறை அச்சிட்டாலும் அதன் கணக்கில் அது முதற்பதிப்புதான். சேகரிப்பவர் கணக்கில் இல்லை. விலையில் இருக்கும் பள்ளம் பெரும்பாலும் இங்கேதான்.

புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இருந்தாலும் துப்புக் கிடைக்கும். பத்து இலக்க எண் 1970-ல் சர்வதேசத் தரமானது. 2007 ஜனவரியிலிருந்து பதின்மூன்று இலக்கம். பதின்மூன்று இலக்க எண்ணோடு 'தாத்தா காலத்துப் புத்தகம்' என்று யாராவது நீட்டினால் அந்தத் தாத்தாவுக்கு வயது அதிகமில்லை.

எங்கள் புத்தகத்தில் இவை எதுவும் இல்லை. நான்கைந்து நாள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் தங்கைதான் கண்டுபிடித்தாள். பின்பக்கத்தில் அதே பதிப்பகத்தின் மற்ற சிறுவர் நூல்களின் பட்டியல் ஒன்று இருந்தது. "இதுல இருக்கற புத்தகமெல்லாம் எப்ப வந்ததுன்னு பாரேன்" என்றாள். ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒன்று 1926-ல்தான் முதன்முதலில் வெளிவந்தது. 1926-ல் பிறந்த புத்தகத்துக்கு 1908-ல் விளம்பரம் வர முடியாதே. ஆக எங்களுடையது எவ்வளவு முந்தினாலும் 1926. முன்தாளில் யாரோ ஒரு குழந்தையின் பெயரும் '1934, பிறந்தநாள்' என்றும் மையால் எழுதியிருந்தது. எவ்வளவு பிந்தினாலும் 1934. இரண்டுக்கும் நடுவில் எங்கோ அச்சான மறு அச்சு அது. விலை குறைந்துபோன செய்திதான், ஆனாலும் அன்று எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய துப்பறிவாளர் என்ற நினைப்பு.

ஆண்டு போடாத புத்தகங்களுக்கு இதுதான் வழி. பின்பக்க விளம்பரம், பதிப்பகத்தின் முகவரி (அது மாறிய ஆண்டுகள் தெரிந்திருக்கும்), பரிசு கொடுத்தவர் எழுதிய தேதி, பள்ளிப் பரிசுச் சீட்டு. விருது முத்திரை இன்னொரு துப்பு. மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' வந்தது 1963-ல், படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டிகாட் கிடைத்தது 1964-ல். அட்டைமேல் சுற்றிய தாள் மேலுறையில் விருதைப் பற்றிய பேச்சு இருந்தால் அந்த உறை முதல் அச்சோடு வந்ததாக இருக்க முடியாது. பளபளவென்று தங்க முத்திரை இருப்பதால் கூடுதல் மதிப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். நிலைமை தலைகீழ்.

இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, புத்தகக் கழகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கென்று அச்சிட்ட பதிப்பு. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது, தாள் மட்டமாக இருக்கும், பின் அட்டையின் கீழ்மூலையில் சிலவற்றில் ஒரு சின்ன வட்டமோ சதுரமோ அழுத்திய பள்ளம் தெரியும். இவற்றுக்கு விலை அநேகமாக இல்லை. உள்மடிப்பு மூலையைக் கத்தரித்திருந்தால் அது வேறு சங்கதி: பரிசளித்தவர் விலை தெரியக் கூடாது என்று வெட்டியிருக்கலாம். மற்றொன்று, பழைய முதற்பதிப்பை அப்படியே படம்பிடித்துப் பிற்காலத்தில் அச்சிட்ட நகல் பதிப்பு. தலைப்புப் பக்கத்தில் பழைய ஆண்டே இருக்கும். இதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய கல்லச்சு வண்ணப்படத்தில் நிறம் ஒழுங்கற்ற மணல்போல் தெரியும். நவீன அச்சில் படம் மட்டுமல்லாமல் அதில் இருக்கும் கையெழுத்தும் கறையும்கூட வரிசையான, சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாக உடையும்.

இந்தக் கட்டத்தில் எனக்கு ஒரு போதை பிடித்தது. பெரிய விலை போன சிறுவர் புத்தகங்களின் கதைகளை ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். 'ஆலிஸின் அற்புத உலகம்' 1865-ல் முதலில் 2,000 பிரதி அச்சானது. படங்கள் அச்சான விதம் சரியில்லை என்று ஓவியர் ஜான் டென்னியல் முகம் சுளிக்க, அதை எழுதிய லூயிஸ் கரோல் விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே கொடுத்திருந்த பிரதிகளையும் திரும்ப வாங்கினார். திரும்பி வந்த பிரதிகளைக் குழந்தைகளின் மருத்துவமனைகளுக்குத் தானமாகக் கொடுத்தார். இன்று அந்த அச்சில் இருபத்துச் சொச்சம் பிரதிகளே மிச்சம். காய்ச்சலில் படுத்திருந்த குழந்தைகள் படித்துக் கிழித்தவை போக மிஞ்சியவை என்று நினைத்துக்கொள்வேன். பீட்டர் முயலின் கதையைப் பதிப்பகங்கள் மறுத்ததால் பீட்ரிக்ஸ் பாட்டர் 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதி அச்சிட்டார். 1937-ல் வந்த டோல்கினின் 'த ஹாபிட்' முதல் அச்சு 1,500 பிரதி. அதன் மேலுறை மடிப்பில் லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சனில் ஒரு எழுத்து அதிகமாக விழுந்துவிட, அதைக் கையால் மை போட்டு அடித்தார்கள். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலின் கெட்டி அட்டை முதல் அச்சு 1997-ல் 500 பிரதிதான். பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. 53-ஆம் பக்கத்தில் பள்ளிச் சாமான் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வரும். அப்படி ஒரு பிரதி 2021 டிசம்பரில் 4,71,000 டாலருக்கு ஏலம் போனது.

இவற்றையெல்லாம் அண்ணனுக்கு ஒவ்வொன்றாக அனுப்பி அவர் ஆசையையும் கிளப்பிவிட்டேன். ஆனால் உற்றுப் பார்த்தால் எல்லாக் கதையும் ஒரே கதை. முதலில் குறைவாக அச்சாகி, பிறகு உலகமே தேடிய புத்தகங்கள். பழசாக இருப்பதற்கும் அரிதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. 'லிட்டில் கோல்டன் புக்ஸ்' என்ற அமெரிக்கச் சிறுவர் புத்தகங்கள் 1942-ல் ஒன்று 25 சென்ட்டுக்கு வர ஆரம்பித்து லட்சக்கணக்கில் விற்றன. எண்பது வருடம் ஆகியும் பலவற்றைக் கேட்பாரில்லை. அரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்டு. நூறே பிரதி அச்சாகி ஒருவருக்கும் வேண்டாத புத்தகம் அரியதுதான், யாருக்கு?

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். மேலுறை. கெட்டி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் தாள் சட்டை. இருபதாம் நூற்றாண்டுச் சிறுவர் புத்தகங்களில் விலையின் பெரும்பங்கு இந்தத் தாளில்தான் இருக்கிறது. நான் பார்த்த முப்பது மடங்கு வித்தியாசத்தில் பாதியை அச்சு விளக்கியது என்றால் மீதியை உறை விளக்கியது. காரணம் எளிது. உறை கிழிவதற்காகவே வருகிறது, அதுவும் குழந்தைகள் கையில். கிழிந்ததும் பெற்றோர் எடுத்துப் போட்டுவிடுவார்கள். தப்பிப் பிழைத்தது சிலதுதான்.

எங்கள் புத்தகத்தில் உறை இல்லை. 'முன்னாடி இருந்தவங்க தொலைச்சிருப்பாங்க' என்று நான் குடும்பக் குழுவில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் தங்கையிடமிருந்து பதில்: "முன்னாடி இருந்தவங்களா? நாலாங்கிளாஸ்ல படம் ஒட்டற நோட்டு வச்சிருந்தியே, அதுல ஒரு கரடி இருந்துச்சே, அது எங்கேர்ந்து வந்துச்சாம்?"

அந்தக் கரடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேன்கூட்டைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரிக்கோலால் அதைச் சுற்றி வளைத்து வெட்டியதும் நினைவிருக்கிறது. எதிலிருந்து வெட்டினேன் என்பது மட்டும் வசதியாக மறந்துபோயிருந்தது. அத்தை என்னைத் திட்டியதாக நினைவில்லை. 'விலைமதிப்புள்ள புத்தகம்' என்று அவர் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகா, முன்பா என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

அண்ணன் அன்றைக்கு முழுக்கக் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்து நிலைமை. பழைய புத்தக வியாபாரத்தில் பிரதியின் நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு படிவரிசை இருக்கிறது: ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். இதில் 'குட்' என்று போட்டிருந்தால் நல்ல நிலை என்று நம்பிவிடக் கூடாது. தேய்ந்து, நைந்து, ஆனால் பக்கம் எல்லாம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நான் எங்களுடையதை 'வெரி குட்' என்று மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது 'குட்'டுக்கே இழுத்துப்பிடிக்க வேண்டியிருந்தது. தாளில் பழுப்புப் புள்ளிகள், முதுகு வெளிறியிருந்தது, அட்டையும் உள்தாளும் சேரும் மடிப்பு விட்டுக்கொடுத்திருந்தது, இரண்டு இடத்தில் புத்தகப் புழு துளைத்த சன்னமான சுரங்கம். தாள் பழுப்பேறி முறுகுவது வயதால் மட்டும் அல்ல. மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் அதை உள்ளிருந்தே தின்கிறது. பழந்துணிக் கூழில் செய்த இருநூறு வருடத் தாள் வெள்ளையாக இருக்க, எழுபது வருடத் தாள் அப்பளமாக நொறுங்குவது அதனால்தான்.

படங்கள் உள்ள புத்தகம் என்றால் எண்ணிப் பார்ப்பது கட்டாயம். முன்னால் இருக்கும் படப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தாளையும் தேடுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காகப் படத்தாளை மட்டும் உருவுவது உலக வழக்கம். எங்கள் பட்டியலில் பன்னிரண்டு, கையில் பதினொன்று. (இதற்கு நான் காரணமில்லை. தங்கையும் இல்லை என்கிறாள். அண்ணன் பேச்சை மாற்றுகிறார்.) ஒரு படம் போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு விலை குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். குறையுள்ள பிரதி என்று ஆனவுடன் பாதிக்கு மேல் போய்விடும். இழுத்தால் அசையும் பொம்மைப் புத்தகங்கள், விரித்தால் எழுந்து நிற்கும் புத்தகங்கள் என்றால் இழுக்கும் தாள் நாக்கு ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பலமாக இழுக்காமல்.

சிறுவர் புத்தகத்தின் வினோதம் இதுதான். நன்றாக இருந்தால் குழந்தைகள் விடமாட்டார்கள். விடாமல் படித்தது நல்ல நிலையில் இருக்காது. ஆகவே சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது எந்தக் குழந்தைக்கும் பிடிக்காமல் அலமாரியில் தூங்கிய பிரதியை. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

இவ்வளவும் ஆன பிறகுதான் விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் போனேன். பல வருடமாகப் பழைய புத்தக வியாபாரம் செய்யும் பெரியவர். முன்பே போயிருந்தால் 'இது என்ன விலைங்க' என்று நீட்டியிருப்பேன். அவரும் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார். இப்போது ஆறு புகைப்படம் எடுத்து அனுப்பினேன்: முன் அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், படப் பட்டியல், மிக மோசமாகக் கிழிந்த இடம். கூடவே நான்கு வரி. உறை இல்லை, ஒரு படம் இல்லை, அச்சு 1926-க்கும் 1934-க்கும் நடுவில், விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யவில்லை. குறையை மறைக்காமல் எழுதியதால்தான் பதில் எழுதத் தோன்றியது என்று பிறகு சொன்னார்.

நேரில் போனபோது புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதுகைத் தடவிப் பார்த்தார். "யாரும்மா டேப் ஒட்டினது?"

"நான்தாங்க."

"எப்ப?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலே தேவலாம் என்றிருந்தது. பென்சில் அழித்த பக்கங்களில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, வெறும் கிறுக்கல் என்றுதான் அழித்தேன். "கிறுக்கலோ கையெழுத்தோ, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்து வச்சிருக்கலாம்" என்றார்.

பிறகு என்னிடமே ஒரு கேள்வி கேட்டார். "எதுக்கு விலை வேணும்?" எனக்குப் புரியவில்லை. விளக்கினார். காப்பீட்டுக்கு என்றால் தொலைந்துபோனால் இன்னொன்று வாங்க எவ்வளவு ஆகும் என்ற தொகை. அது உயரமாக இருக்கும். கடைக்காரரிடம் விற்பதற்கு என்றால் அவர் கொடுக்கும் தொகை. அது, அவர் விற்க நினைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கோ கூடினால் பாதியோ. அவர் கடை நடத்த வேண்டும், இரண்டு வருடம் அது அலமாரியில் தூங்கலாம். பாகம் பிரிப்பதற்கு என்றால் இரண்டுக்கும் நடுவில், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தொகை. ஒரே புத்தகம், ஒரே நாளில் மூன்று விலை, மூன்றும் சரி. "மதிப்புச் சொல்றவரே வாங்கவும் பாத்தா, இன்னொருத்தர்கிட்டயும் கேளுங்க. என்கிட்டயும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். அவர் சொன்ன எதையும்விட இந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவர் சொன்ன தொகை ஒரு ஜோடி நல்ல செருப்புக்குச் சரியாக இருந்தது. படம் பன்னிரண்டும் இருந்திருந்தால் செருப்போடு ஒரு பையும் வாங்கலாம். உறையும் இருந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார்: அந்தப் பழைய சைக்கிள் விலை.

அண்ணனிடம் சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கிவிட்டது. பைக்கிலிருந்து செருப்புக்கு இறங்கியதைப் படிப்படியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதை நான் வச்சுக்கறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்றார். தங்கை உடனே, "ஏன், எனக்கு வேண்டாம்னு எப்ப சொன்னேன்?" என்றாள். விலை தெரிந்தால் சண்டை தீரும் என்று மூன்று மாதம் நான் அலைந்தது அந்த அளவில் முடிந்தது. கடைசியில், அவளுக்குத்தான் சின்னக் குழந்தை இருக்கிறது என்று அவளிடமே விட்டோம். நிமிர்த்தி வைக்க வேண்டும், பக்கத்தில் சாயாமல் தாங்கல் வேண்டும், வெயில் படக் கூடாது, சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி கூடாது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது என்று பெரியவர் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்குப் படித்துக் காட்டலாமா என்று கேட்டாள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் வீட்டை ஒழித்தபோது அந்தப் படம் ஒட்டும் நோட்டு கிடைத்தது. கரடி இருக்கிறது, நாக்கோடு. பக்கத்திலேயே புத்தகத்தின் பெயரில் பாதி, உள்மடிப்பின் விலையோடு ஒரு மூலை. ஓடிப்போய்ப் பெரியவருக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ன பசை போட்டு ஒட்டினீங்க?"

பள்ளிக்கூடத்தில் புட்டியில் வரும் கோந்து என்றேன்.

"அப்ப தண்ணிக்கு விட்டுக்கொடுக்கும்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா நீங்க அதுல கை வைக்காதீங்கம்மா" என்று சேர்த்துக்கொண்டார்.